பாட்டுக்கு யார் பெயர் எழுதுவது? - கணினியில் பாட்டு சேர்த்த கதை

1902 நவம்பர் மாதம். கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறை. லண்டனில் இருந்து கிராமபோன் கம்பெனி சார்பாக வந்திருந்த ஃபிரெட் கைஸ்பெர்க் ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தி வைத்திருக்கிறார். கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி ஒரு பெரிய கூம்பின் முன்னால் நின்று சில நிமிடம் பாடுகிறார். பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்கிறார்.

எதற்காக? அந்தப் பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போகும். தட்டு அச்சாவது அங்கேதான். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நம் ஊர் பாஷையும் தெரியாது, பாடியவரையும் தெரியாது. எந்தத் தட்டின் நடுவில் எந்தப் பெயரை ஒட்டுவது என்ற குழப்பம் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்வார்கள்.

நூறு வருடம் கழித்து, நம் கணினியில் "டிராக் 01", "டிராக் 02" என்று பெயரில்லாமல் கிடக்கும் கோப்புகளைப் பார்த்தால் அந்த அம்மா எவ்வளவு விவரமானவர் என்று புரியும் :-)

கணினியில் பாட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள "டிப்ஸ்" சொல்லும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. இந்த மென்பொருளைப் போடு, அந்தப் பட்டனை அமுக்கு என்று சொல்வதோடு அவை முடிந்துவிடும். ஏன் இப்படி ஒரு குப்பை சேர்ந்தது என்று சொல்ல மாட்டார்கள். அந்த வரலாறு தெரிந்தால் டிப்ஸ் தானாகவே வந்துவிடும் என்பது என் கட்சி. அதனால் முதலில் கதை, கடைசியில் டிப்ஸ்.

பெயர் இல்லாத வெள்ளித் தட்டு

கிராமபோன் தட்டில் நடுவே வட்டமாக ஒரு லேபிள் இருக்கும். படம், பாடியவர், இசை எல்லாம் அதில் இருக்கும். பாட்டும் பெயரும் ஒரே பொருளில் ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. தட்டு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு வானொலி இருந்தது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் படம், யார் இசை, யார் எழுதியது, யார் பாடியது என்று மடமடவென்று சொல்வார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அறிவிப்பாளர் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆனது.

1982-இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சிடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒலியை எண்களாக மாற்றிப் பதிவது. ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். இவ்வளவு துல்லியமாக யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். பாட்டின் பெயரைத் தட்டுக்குள் எழுத இடம் வைக்கவில்லை!

சிடியின் தொடக்கத்தில் ஒரு பொருளடக்கம் உண்டு. ஆனால் அதில் "முதல் பாட்டு இந்த நிமிடம் இந்த நொடியில் தொடங்குகிறது, இரண்டாவது பாட்டு இங்கே தொடங்குகிறது" என்ற கணக்கு மட்டும்தான் இருக்கும். பெயர் அட்டையில் அச்சடித்திருக்கிறதே, அப்புறம் எதற்கு என்று நினைத்திருக்கலாம். அன்றைய சிடி பிளேயரின் சின்னத் திரையில் பாட்டு எண்ணைக் காட்டினாலே போதும். சிடியைக் கணினிக்குள் போட்டு, பாட்டை மட்டும் உருவி எடுத்து, அட்டையைத் தூக்கிப் போடுகிற காலம் வரும் என்று யார் கண்டது? பெயரையும் உள்ளே எழுத வழி செய்யும் சிடி-டெக்ஸ்ட் 1996-இல்தான் வந்தது. அதற்குள் கோடிக்கணக்கான தட்டுகள் விற்றாகிவிட்டன. பின்னால் வந்த தட்டுகளிலும் எல்லோரும் அதைப் பயன்படுத்தவில்லை.

ஊர் கூடி எழுதிய அட்டவணை

1990களின் தொடக்கத்தில் டி கான் என்ற நிரலாளர் யுனிக்ஸ் கணினிகளுக்காக எக்ஸ்எம்சிடி என்ற சிடி பிளேயர் மென்பொருளை எழுதினார். தட்டைப் போட்டால் பெயர் வராது என்ற குறை அவருக்கும் இருந்தது. அதற்கு அவர் பிடித்த வழி சுவாரசியமானது.

தட்டில் பெயர் இல்லாவிட்டால் என்ன, பாட்டுகளின் நீளம் இருக்கிறதே! ஒரு தட்டில் எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எந்த நொடியில் தொடங்குகிறது, மொத்தம் எவ்வளவு நேரம் - இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் எட்டு இலக்கத்தில் ஓர் அடையாள எண் கிடைக்கும். முதல் தடவை மட்டும் யாராவது ஒருவர் உட்கார்ந்து அட்டையைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அதே தட்டை உலகத்தில் யார் போட்டாலும் அந்த எண்ணை வைத்துப் பெயரை எடுத்துக்கொடுத்துவிடலாம்.

இப்படிப் பிறந்ததுதான் சிடிடிபி. ஸ்டீவ் ஷெர்ஃப் என்பவரும் சேர்ந்துகொள்ள, இது இணையத்தில் இயங்கும் தரவுத்தளமாக வளர்ந்தது. பெயர்களை எழுதியது யார்? பயனர்கள். காசு வாங்காமல், முகம் தெரியாத இன்னொருவருக்கு உபயோகப்படட்டும் என்று தட்டச்சு செய்து அனுப்பியவர்கள்.

குறை இல்லாமல் இல்லை. வேறு வேறு தட்டுகளுக்கு ஒரே எண் வந்துவிடும். எழுத்துப்பிழைகள் ஏராளம். ஒரே தட்டை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதி அனுப்புவார்கள். இருந்தாலும் ஒரு வேலை நடந்தது. கௌஹர் ஜான் தானே சொல்ல வேண்டியிருந்த பெயரை இப்போது ரசிகர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

128 பைட்டில் ஒரு சீட்டு

இதே சமயத்தில் ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் குழுவினர் ஒலியைச் சுருக்கும் வேலையில் இருந்தார்கள். காதுக்குக் கேட்காததை எல்லாம் கழித்துவிட்டால் மீதி எவ்வளவு? சிடியில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட். அதை 128 கிலோபிட்டில் அடக்கினாலும் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கிட்டத்தட்ட 11-இல் ஒரு பங்கு. 1995 ஜூலை 14 அன்று இந்த வகைக் கோப்புகளுக்கு "எம்பி3" என்ற பின்னொட்டை வைப்பது என்று முடிவு செய்தார்கள்.

ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 5 எம்பிக்கு வந்துவிட்டது. ஒரே சிடியில் 140 பாட்டு எழுதலாம். பஸ் ஸ்டாண்ட் கடைகளில் "சோகப் பாடல்கள்", "எஸ்.பி.பி. ஹிட்ஸ்" என்று எம்பி3 சிடிகள் குவிந்தது இந்தக் கணக்கினால்தான்.

ஆனால் எம்பி3-யை வடிவமைத்தவர்களும் அதே தவறைச் செய்தார்கள். பாட்டின் பெயரை எழுதக் கோப்புக்குள் இடம் வைக்கவில்லை. கோப்பின் பெயர் மட்டும்தான் அடையாளம். அதை மாற்றிவிட்டால் பாட்டு அநாதை.

1996-இல் எரிக் கெம்ப் என்பவர் ஓர் எளிய வழி கண்டார். கோப்பின் கடைசியில் 128 பைட் நீளத்துக்கு ஒரு சீட்டை ஒட்டிவிடுவது. இதுதான் ஐடி3. முதல் மூன்று பைட்டில் "டேக்" என்ற ஆங்கிலச் சொல். பிறகு பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. கூட்டிப் பாருங்கள், சரியாக 128 வரும். கடைசியில் ஒட்டியதற்கும் காரணம் உண்டு. இதைப் பற்றித் தெரியாத பழைய பிளேயர்கள் அதற்குள் பாட்டை முழுக்கப் பாடி முடித்திருக்கும்.

மறுவருடமே மைக்கேல் முட்ஷ்லர் என்பவர் குறிப்புப் பகுதியின் கடைசி இரண்டு பைட்டைக் கடன் வாங்கிப் பாட்டு வரிசை எண்ணுக்கு இடம் கொடுத்தார். அவ்வளவு இடப் பஞ்சம்!

நம்ம பாட்டு அதில் எங்கே?

இப்போது இந்தச் சீட்டைத் தமிழ்ப் பாட்டோடு பொருத்திப் பாருங்கள்.

ஒன்று, இதில் "ஆர்ட்டிஸ்ட்" என்று ஒரே கட்டம். ஒரு குழு எழுதி, இசையமைத்து, பாடி, ஆல்பம் போடும் மேற்கத்தியப் பாப் இசைக்கு அது போதும். நம் சினிமாப் பாட்டில் யார் ஆர்ட்டிஸ்ட்? பாடியவரா, இசையமைப்பாளரா, நடித்தவரா? ஒருவர் டி.எம்.சௌந்தரராஜன் என்று எழுதுவார், ஒருவர் எம்.எஸ்.விஸ்வநாதன் என்று எழுதுவார், இன்னொருவர் சிவாஜி என்றே எழுதிவிடுவார். பாடலாசிரியருக்கோ கட்டமே கிடையாது. கண்ணதாசனும் வாலியும் பட்டுக்கோட்டையாரும் இந்த 128 பைட்டுக்குள் நுழையவே முடியாது.

இரண்டு, இசை வகைக்கு ஒரே ஒரு பைட். அதற்கு எரிக் கெம்ப் 80 வகைகள் கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருந்தார். புளூஸ், கன்ட்ரி, ஜாஸ், ராக் எல்லாம் உண்டு. கர்நாடக சங்கீதம் இல்லை. இந்துஸ்தானி இல்லை. நமக்குக் கிடைத்தது "சவுண்ட்டிராக்", இல்லாவிட்டால் "எத்னிக்". ராகம், தாளம் எல்லாம் எழுத வேண்டும் என்றால் குறிப்புப் பகுதியின் 30 எழுத்துதான் கதி. பாவம், மேற்கத்திய செவ்வியல் இசை ரசிகர்களுக்கும் இதே தொல்லை. பாக் எழுதியது, இன்னொருவர் நடத்தியது, வேறொருவர் வாசித்தது என்று மூன்று பெயரை ஒரே கட்டத்தில் எப்படி அடைப்பது?

மூன்று, எழுத்து. இந்தச் சீட்டு ஆங்கிலத்துக்கும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கும் தைத்த சட்டை. அதை மீறி யூனிகோடில் தமிழை எழுதினாலும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகும். புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனித்தனிக் குறிகள். "எம்.எஸ்.விஸ்வநாதன்" என்று எழுத 50 பைட் வேண்டும். இருப்பதோ 30. மெல்லிசை மன்னர் "விஸ" வரைக்கும் வந்து நின்றுவிடுவார்.

அதனால் எல்லோரும் ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். அங்கே இன்னொரு கூத்து. இளையராஜா பெயரில் "ளை"யை எப்படி எழுதுவது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு "எல்" போடுபவர், இரண்டு போடுபவர், "ராஜா"வில் ஒரு "ஏ", இரண்டு "ஏ"... கணினிக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள்! ஒரே ராஜா, நான்கு ஃபோல்டர். கடைசியில் ஒன்றில் இருக்கும் பாட்டைத் தேடி இன்னொன்றில் அலைவோம்.

இவற்றோடு நம் ஊர் விசேஷம் ஒன்று. பாட்டைத் திருட்டுத்தனமாக ஏற்றிய இணையதளங்கள் ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், குறிப்பு என்று எல்லாக் கட்டத்திலும் தங்கள் முகவரியை எழுதி வைத்தன. ஒரு கவிஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விளம்பரம். அந்தக் கோப்பு கைமாறிக் கைமாறி நம்மிடம் வரும்போது பாட்டு இருக்கிறது, அதைச் செய்தவர்கள் யாருமே இல்லை. வாலி எழுதியதைக் கண்ணதாசன் என்று சொல்வது அந்தக் காலத்திலேயே உண்டு. இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள அறிவிப்பாளரும் இல்லை, லேபிளும் இல்லை.

சீட்டு புத்தகமானது

1998-இல் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் நில்சனும் நண்பர்களும் ஐடி3-இன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். பெயர்தான் ஒன்று, உள்ளே எல்லாமே புதிது. சீட்டு கோப்பின் முன்னால் வந்தது. நீளக் கட்டுப்பாடு போயிற்று. இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடல் வரிகள், அட்டைப் படம் என்று தனித்தனிக் கட்டங்கள் வந்தன. யூனிகோடும் எழுதலாம். 1999-இல் 2.3 பதிப்பு வந்தது. 2000-இல் வந்த 2.4 பதிப்பில் யூடிஎஃப்-8 கூட எழுதலாம்.

அதாவது கண்ணதாசன் பெயரைத் தமிழிலேயே எழுத 1998-இலிருந்தே வழி இருக்கிறது. நாம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் ஆக் வோர்பிஸ், ஃபிளாக் என்ற திறந்த வடிவங்கள் வந்தன. ஜோஷ் கோல்சன் 2001-இல் வெளியிட்ட ஃபிளாக் ஒலியில் எதையும் கழிக்காமல் சுருக்குவது. இவற்றில் கட்டங்களுக்கு வரம்பே இல்லை. ராகம், தாளம் எழுத நாமே புதிய கட்டங்களை ஏற்படுத்திக்கொள்ளலாம். கச்சேரிப் பதிவுகள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஊர் எழுதியதை ஒருவர் விற்றால்?

சிடிடிபி கதையை பாதியில் விட்டேன் அல்லவா? மீதி இதோ.

1998-இல் சிடிடிபி எஸ்கியன்ட் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2000-இல் கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. 2001 மார்ச்சில் உரிமம் பெற்ற மென்பொருள்களுக்கு மட்டும்தான் சேவை என்று கதவை மூடினார்கள். ஆயிரக்கணக்கான பேர் சும்மா எழுதிக் கொடுத்த பெயர்கள் ஒரு கம்பெனியின் சொத்தாகிவிட்டன. 2008-இல் சோனி இந்த நிறுவனத்தை 26 கோடி டாலருக்கு வாங்கியது. தட்டச்சு செய்தவர்களுக்கு ஒரு டாலர்கூட இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கம்பெனியின் பக்கத்து நியாயம் ஒன்றும் உண்டு. லட்சக்கணக்கானவர்கள் தினமும் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் சர்வர்களை ஓட்டப் பணம் வேண்டும்தான். ஆனால் எழுதியவர்களிடம் கேட்டிருக்கலாம்.

கோபம் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய மென்பொருள் திறந்த உரிமத்தில் இருந்ததால் அதை வைத்து ஃப்ரீடிபி என்ற இலவசத் தரவுத்தளத்தைத் தொடங்கினார்கள். அது 2006-இல் மேஜிக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கைக்குப் போய், 2020-இல் மூடப்பட்டது.

ராபர்ட் கே என்பவர் வேறு வழியில் யோசித்தார். விற்கவே முடியாதபடி ஒன்றைக் கட்டினால் என்ன? 2000-இல் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற பெயரில் அது உருவெடுத்தது. 2004-இல் மெட்டாபிரெய்ன்ஸ் என்ற லாப நோக்கமற்ற அறக்கட்டளை அமைந்தது. அதன் அடிப்படைத் தகவல்கள் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் முழுத் தரவுத்தளத்தையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். நாளை அந்த அமைப்பே இல்லாமல் போனாலும் தகவல் போகாது.

இதில் நமக்கு இன்னொரு லாபம். மியூசிக்பிரெய்ன்ஸ் ஒவ்வொரு கலைஞருக்கும் ஓர் எண் தருகிறது. பெயரை எப்படி எழுதினாலும், எந்த லிபியில் எழுதினாலும், எல்லாம் அந்த எண்ணின் கீழே மாற்றுப் பெயர்களாக உட்கார்ந்துவிடும். நான்கு ராஜாக்கள் ஒரே ராஜாவாகிவிடுவார்கள் :-)

கோப்பின் பெயர் செல்லாக் காசான நாள்

2001 ஜனவரியில் ஆப்பிள் ஐடியூன்ஸை வெளியிட்டது. அக்டோபரில் ஐபாட் வந்தது. 5 ஜிபி வன்தட்டு, சட்டைப் பையில் 1,000 பாட்டு.

ஐபாடுக்குள் போன பாட்டின் கோப்புப் பெயரை ஐடியூன்ஸ் தூக்கிப் போட்டுவிடும். நான்கு எழுத்தில் அர்த்தமில்லாத ஒரு பெயர் வைத்து, மறைவான ஃபோல்டர்களில் பிரித்துப் போடும். திரையில் தெரிவதெல்லாம் சீட்டில் எழுதியதுதான். கோப்புக்கு என்னதான் அழகாகப் பெயர் வைத்திருந்தாலும் உள்ளே சீட்டு காலியாக இருந்தால் அந்தப் பாட்டை ஐபாடில் தேடிப் பிடிப்பது குதிரைக் கொம்பு. இன்று கைபேசி பிளேயரும் காரில் உள்ள பிளேயரும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகின்றன.

ஐடியூன்ஸ் இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்தது. நீங்கள் கொடுத்த நட்சத்திரம், எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு, பிளேலிஸ்ட் எல்லாம் பாட்டுக் கோப்பில் இல்லாமல் ஐடியூன்ஸின் தனிக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். மென்பொருளை மாற்றினால் அதெல்லாம் அங்கேயே தங்கிவிடும்.

அதுதான் ஸ்ட்ரீமிங் இருக்கிறதே?

நியாயமான கேள்வி. எல்லாம் செயலியில் கிடைக்கும்போது கோப்பு எதற்கு?

2019 மார்ச்சில் மைஸ்பேஸ் ஒரு செய்தி சொன்னது. சர்வர் மாற்றும்போது நடந்த கோளாறில் பழைய பாட்டுகள் போய்விட்டன என்று. 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்டவை, சுமார் 5 கோடிப் பாட்டுகள் என்று பத்திரிகைகள் எழுதின. தங்கள் முதல் பாட்டை அங்கே மட்டும் வைத்திருந்த எத்தனையோ இளைஞர்களுக்கு அது நிரந்தர இழப்பு. தற்செயலாக ஓர் ஆய்வுக் குழு முன்பே இறக்கி வைத்திருந்த 4,90,000 பாட்டுகள் மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு வந்து சேர்ந்தன.

கூகுள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டது. நம் ஊரில் பலர் பாட்டு கேட்ட விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் 2024-இல் அறிவித்தது. நீல் யங் 2022-இல் கோபித்துக்கொண்டு தன் பாட்டுகளை ஸ்பாட்டிஃபையில் இருந்து எடுத்தார், 2024-இல் திரும்ப அனுமதித்தார். இடைப்பட்ட இரண்டு வருடம் அவருடைய ரசிகர்கள் செய்ய ஒன்றுமில்லை.

வாடகை வீட்டில் இருப்பது தப்பில்லை. நானும் ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவன்தான். ஆனால் தாத்தா காலத்து டேப்பில் இருந்து மாற்றிய கச்சேரி, ஊர்த் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம், எந்த நிறுவனத்துக்கும் விற்க லாபமில்லாத பழைய படப் பாட்டு... இதெல்லாம் அங்கே கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

மேலே சொன்ன கதையில் இருந்து நான் எடுத்துக்கொண்டவை இவை.

1. கோப்பின் பெயரை விடச் சீட்டு முக்கியம். விண்டோஸில் எம்பி3டேக், எல்லாக் கணினிக்கும் மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட். இரண்டில் ஒன்று போதும். முதலில் சீட்டைத் திருத்துங்கள். அதில் இருந்து கோப்புப் பெயரை அந்த மென்பொருளே உருவாக்கிக் கொடுக்கும்.

2. கட்டங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டென்றால் ஆர்ட்டிஸ்ட் - பாடியவர்கள். கம்போசர் - இசையமைப்பாளர். லிரிசிஸ்ட் - பாடலாசிரியர். ஆல்பம் - படம். "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" என்ற கட்டத்தில் மறக்காமல் இசையமைப்பாளர் பெயர். இதைக் காலியாக விட்டால் ஆறு பாட்டுள்ள ஒரு படம் ஆறு பாடகர்களிடம் சிதறிப் போகும்.

3. வருடம் எழுதுங்கள். பில்லா என்று ஒரு படமா இருக்கிறது? 1980 பில்லா எம்.எஸ்.விஸ்வநாதன், 2007 பில்லா யுவன் சங்கர் ராஜா. வருடம் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஆல்பமாகிவிடும். சிடி வெளிவந்த வருடத்தை எழுதாமல் படம் வெளிவந்த வருடத்தை எழுதுங்கள்.

4. ஒரு பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டு. தமிழா, ஆங்கிலமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சில கார் பிளேயர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தத் தொல்லை இருந்தால் தலைப்பை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, குறிப்பில் தமிழில் எழுதலாம். எம்பி3 கோப்பில் ஐடி3 2.3, யூடிஎஃப்-16 என்ற அமைப்பு பாதுகாப்பானது. பழைய விண்டோஸ் 2.4 பதிப்பைச் சரியாகப் படிக்காது.

5. பெயரே தெரியாத பாட்டுக்குக் கைரேகை பாருங்கள். பிக்கார்ட் பாட்டின் ஒலியையே அலசி ஒரு கைரேகை எடுத்து, அக்கூஸ்ட்ஐடி என்ற தரவுத்தளத்தில் தேடும். எல்லாத் தமிழ்ப் படமும் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே பாட்டு இரண்டு பெயரில் இருப்பதைக் கண்டுபிடிக்கவும் இது உதவும்.

6. 128 கிலோபிட் கோப்பை 320-ஆக மாற்றாதீர்கள். ஒருமுறை கழித்தது கழித்ததுதான். கோப்பு பெருக்குமே தவிர ஒலி திரும்பாது. சொந்த சிடியில் இருந்தோ டேப்பில் இருந்தோ எடுப்பதாக இருந்தால் ஃபிளாக்கில் எடுத்து வையுங்கள். கைபேசிக்கு வேண்டுமானால் அதில் இருந்து எம்பி3 செய்துகொள்ளலாம்.

7. பிளேலிஸ்ட்டை எம்3யு8 கோப்பாகவும் ஏற்றுமதி செய்து, பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் எழுத்துக் கோப்பு அது. மென்பொருள் செத்தாலும் படிக்கலாம்.

8. மூன்று பிரதி வேண்டும். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று. 5,000 பாட்டு என்றாலும் 25 ஜிபிதான், ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். நண்பரும் நீங்களும் ஒருவர் வன்தட்டை ஒருவர் வைத்துக்கொண்டாலே போதும்.

9. ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 365 படம். அது எத்தனை பாட்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரியான பெயர் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். படத்தின் டைட்டில் கார்டைப் பாருங்கள். ஆனால் ஒரே படத்தில் மூன்று நான்கு கவிஞர்கள் எழுதியிருந்தால் எந்தப் பாட்டு யாருடையது என்று டைட்டிலில் இருக்காது. அதற்குப் பழைய இசைத்தட்டின் லேபிளையும், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும்தான் தேட வேண்டும். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியுமே, அதுதான். வீட்டுப் பரணில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள் ஐயா!

சரிபார்த்து எழுதியதை மியூசிக்பிரெய்ன்ஸிலும் சேர்த்துவிடுங்கள். கணக்கு தொடங்கினால் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், மற்ற பயனர்கள் சரிபார்ப்பார்கள். உங்கள் கணினியில் ஒரு பாட்டுக்கு மட்டும் பாடலாசிரியர் பெயரைச் சேர்த்தால் உங்களுக்கு மட்டும் தெரியும். அங்கே சேர்த்தால் அடுத்து அந்தப் பாட்டைத் தேடி வரும் எல்லோருக்கும் தெரியும்.

கல்கத்தாவில் பாடியவருக்குத் தன் பெயரைத் தானே சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தது. நம் வன்தட்டில் இருக்கிற பலருக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் பெயரை இனி நாம்தான் எழுத வேண்டும்.

உங்களிடம் பெயர் தெரியாத பாட்டு ஏதாவது இருந்தால், முதலில் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். எந்த மென்பொருளையும் விட அவர்கள் வேகமாகச் சொல்லிவிடுவார்கள். எழுத்துக்கூட்டு மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் :-)